அனுராதபுரத்தில் ஒரு சமணப் பெயர்

(பென்னாகரத்தில் நடைபெற்ற மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவிற்கு என்னை அழைக்க வந்த அன்பர்கள், "சமய நூல்களைப் பற்றிச் சொல்ல எங்களுக்குள்ளேயே கற்றோர் இருக்கிறார்கள். ஐயா, தாங்கள் குழுவோடு இலங்கைக்குச் சென்று வந்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றனர். பண்பாட்டுப் பரிமாற்றம் என்னும் பெயரில் சென்ற பயணம் அது. அப்பயணத்திற்கும் பகவான் மகாவீரரின் திருநாளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. அதைச் சொல்வதே இன்றைய என் கடமை.

நான் பிறப்பால் சமணன் அல்லேன். ஆயினும் தமிழ் கற்றவர் எவரும் சமணப் பெரியோர்க்குக் கடன்பட்டவரே. இலக்கணத்தின் வாயிலில் நுழைவோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நன்னூல் பவணந்தி முனிவர் தந்தது. யாப்பருங்கலக் காரிகை அமிதசாகரர் தந்தது. சீவக சிந்தாமணி திருத்தக்கதேவர் தந்தது. நாலடியார் நானூறும் சமண முனிவர்கள் பாடியவை என்பது மரபு. பணிக்காலம் முழுவதும் இந்நூல்களைச் சொல்லியே ஊதியம் பெற்றவன் நான். அந்த நன்றியோடு தொடங்குகிறேன்.

அயல்நாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் நம் ஊரைப் பற்றி ஒரு சொல். நாம் வாழும் பென்னாகரம் ஒகேனக்கல்லுக்குச் செல்லும் வழியில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆடிப்பெருக்கு நாளிலும் நம் கடைத்தெருவைக் கடந்து செல்லும் பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் கணக்கில்லை. அருவியைக் காண்கிறார்கள், எண்ணெய் தேய்த்து நீராடுகிறார்கள், பரிசலில் செல்கிறார்கள், மீன் வறுவல் உண்கிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நெகிழிப் பைகளையும் உடைந்த புட்டிகளையும் அடுத்த நாள் காலையில் காண்போர் நாம். பரிசல் தள்ளுபவரின் பெயரைக் கேட்டு அறிந்து செல்பவர் நூற்றில் எத்தனை பேர்? காவிரி இங்கே ஏன் பாறைகளுக்கு இடையே இப்படிப் பிரிந்து விழுகிறது என்று கேட்பவர் எத்தனை பேர்? எனவே, சுற்றுலாப் பயணி என்பவன் யார் என்பதை விருந்தோம்புவோர் நிலையில் நின்று நாம் நன்றாக அறிவோம். நாமே சுற்றுலாப் பயணிகளாகப் பிறர் மண்ணில் இறங்கும்போது அந்த அறிவு நமக்குத் துணை நிற்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நண்பர்களுமாக இருபத்திரண்டு பேர் இலங்கைக்குப் புறப்பட்டோம். அங்குள்ள ஆசிரியர் சிலர் எங்களை அழைத்திருந்தனர். சென்னையிலிருந்து கொழும்பு வானூர்தியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். பென்னாகரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நேரத்தோடு ஒப்பிட்டால் கடல் கடப்பது மிக எளிது.

எங்களோடு வந்தவர்களுள் சமண இல்லறத்தார் ஓர் இணையர் இருந்தனர். அகவை எழுபதைக் கடந்தவர்கள். அப்பெரியவர் புறப்படும் முன்பே ஒன்றைச் சொன்னார். சமண இல்லறத்தார் மேற்கொள்ளும் நோன்புகளுள் திக்விரதம் என்பது ஒன்று. எட்டுத் திசைகளிலும் மேலும் கீழும் இவ்வளவு தொலைவிற்கு மேல் செல்வதில்லை எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் குணவிரதம் அது. "நான் வகுத்த எல்லைக்குள் இலங்கை இருக்கிறது, அதனால் வருகிறேன். அதற்கு அப்பால் நீங்கள் எங்கு அழைத்தாலும் வரமாட்டேன்" என்றார். உலகமே சுருங்கிவிட்டது என்று பெருமை பேசும் காலத்தில், போகும் தொலைவிற்கும் ஓர் அளவு வேண்டும் என்று ஒருவர் சொல்லக் கேட்டது எங்களுக்குப் புதிதாக இருந்தது. மனிதன் எங்குச் சென்றாலும் அங்கே எதையேனும் நுகர்கிறான், எதையேனும் சிதைக்கிறான். ஆதலால் செல்லும் பரப்பைக் குறைத்தால் செய்யும் தீங்கும் குறையும் என்பதே இந்நோன்பின் உட்கருத்து.

பயணமே கூடாது என்று சமணம் சொல்லவில்லை. 1893ஆம் ஆண்டு சிகாகோவில் உலகச் சமயப் பேரவை கூடியபோது, சமணத்தின் சார்பில் ஆத்மாராம்ஜி எனப்படும் விஜயானந்தசூரி ஆசாரியருக்கு அழைப்பு வந்தது. சமணத் துறவியர் ஊர்தி ஏறார், நடந்தே செல்வர். ஆகவே அவர் குசராத்தைச் சேர்ந்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்னும் இளைஞரை அனுப்பி வைத்தார். வீர்சந்துக்கு அப்போது அகவை இருபத்தொன்பது. விவேகானந்தர் பேசிய அதே அவையில் அவர் சமணத்தின் கொள்கைகளை எடுத்துரைத்தார். கடல் கடந்து சென்றமைக்காக அவர் தம் சமூகத்திற்குள்ளேயே எதிர்ப்பையும் தாங்க வேண்டியிருந்தது. எல்லை வகுத்து நிற்பதும் சமணம். தேவை நேர்ந்தபோது எல்லை கடந்து சென்று பேசுவதும் சமணம். இரண்டிற்கும் பொதுவானது, ஏன் செல்கிறோம் என்னும் தெளிவு.

கொழும்பிலிருந்து அனுராதபுரத்திற்குப் பேருந்தில் சென்றோம். முதல் நாளே ஒரு சிக்கல் தோன்றியது. அவ்விணையர் கதிரவன் மறைந்த பின் உண்ணமாட்டார்கள். கிழங்கு வகைகளைத் தொடமாட்டார்கள். குழுவில் சிலர், "இருவருக்காக இருபது பேர் வண்டியை நிறுத்த வேண்டுமா?" என்று முணுமுணுத்தனர். எங்களை அழைத்துச் சென்ற சிங்கள ஆசிரியர் இதை அறிந்தவுடன் சிறிதும் வியக்கவில்லை. "எங்கள் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. உங்கள் பெரியவர் மாலை வரை நேரம் தருகிறாரே" என்று சிரித்தபடி, ஐந்து மணிக்கே சோறும் பருப்பும் கீரையும் கிடைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் செய்தார். நம்மவர்க்குச் சுமையாகத் தோன்றிய ஒன்று அயலாருக்கு அறிமுகமான ஒழுக்கமாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் குழுவினர் அனைவருமே ஐந்து மணிக்கு உண்ணத் தொடங்கினர். இரவில் நல்ல உறக்கம் வந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

அனுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராய் விளங்கிய ஊர். அங்கே அசோகரின் மகள் சங்கமித்தை கொணர்ந்த வெள்ளரசுக் கிளையிலிருந்து வளர்ந்ததாக மக்கள் போற்றும் மரம் நிற்கிறது. பால் போன்ற வெண்மையோடு ருவன்வெலிசாய என்னும் தூபி எழுகிறது. செங்கல்லால் ஆன சேதவனத் தூபி கட்டப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 122 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. உலகின் மிக உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றாக இருந்தது. வழிபட வருவோர் வெள்ளாடை உடுத்து, தாமரையும் அல்லியும் ஏந்தி, வெறுங்காலோடு வருகின்றனர். நண்பகலில் மணலும் கல்லும் காலைச் சுடும். எங்களுள் சிலர் காலுறை அணிந்துகொண்டனர். சிலர் நிழல் தேடி ஓடினர். கைக்குழந்தையை ஏந்திய கிராமத்துத் தாய் ஒருத்தி அச்சூட்டில் அசையாமல் நின்று வழிபட்டதைக் கண்ட பிறகு எவரும் ஓடவில்லை.

ஓரிடத்தில் எங்கள் குழுவினர் புத்தர் சிலைக்கு முன் வரிசையாக நின்று, சிலைக்கு முதுகு காட்டியபடி ஒளிப்படம் எடுக்க முனைந்தனர். காவலர் ஓடி வந்து கைகாட்டித் தடுத்தார். புத்தருக்குப் புறம் காட்டிப் படம் எடுப்பது அங்கே அவமதிப்பாகக் கருதப்படுகிறது. எங்களுள் ஒருவர், "நம் நாட்டில் இப்படித்தானே எடுக்கிறோம்?" என்றார். அந்த ஆசிரியர் அமைதியாக, "உங்கள் வீட்டுக் கருவறைக்கு முதுகு காட்டி நின்று சிரிப்பீர்களா?" என்று கேட்டார். பிறகு எல்லோரும் பக்கவாட்டில் நின்று வணங்கி வந்தோம். எந்த நாட்டிற்குச் சென்றாலும் இடத்தின் முறைமையை முதலில் கேட்டு அறிய வேண்டும். ஒளிப்படம் அதன் பிறகே.

அன்று மாலை எல்லாளன் கதையைக் கேட்டோம். சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்தில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்டான் என்று மகாவம்சம் கூறுகிறது. மகாவம்சம் பௌத்தத் துறவியர் பாலி மொழியில் இயற்றிய நூல். எல்லாளனை வென்ற துட்டகைமுனுவைத் தன் பெருந்தலைவனாகக் கொண்டாடும் நூல். அந்நூலே, வென்றவன் தோற்றவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்றும், பின்வந்த அரசர்களும் அவ்விடத்தை நெருங்கும்போது இசைக்கருவிகளை ஒலிக்காமல் நிறுத்தினர் என்றும் சொல்கிறது. பகைவனின் நீதியைப் பகைவன் தரப்பு நூல் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. மக்கள் நெடுங்காலம் எல்லாளன் சமாதி எனக் கருதி வந்த தூபியின் முன் நின்றபோது எங்கள் குழுவினர் பூரித்துப் போயினர். "நம் அரசன்" என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துக் கொண்டார்.

அடுத்த நாள் அந்தப் பூரிப்பு சோதனைக்கு உள்ளாயிற்று. அபயகிரி விகாரத்திற்குச் சென்றோம். பரந்த காடு போன்ற நிலப்பரப்பில் பெருந்தூபி, இணைக் குளங்கள், படிகளின் அடியில் அரைவட்டச் சந்திரவட்டக் கல், துறவியர் மடங்களின் அடித்தளங்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பிக்குகள் வாழ்ந்த இடம். இதற்கு அபயகிரி என்னும் பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் அந்த ஆசிரியர் மகாவம்சம் கூறும் செய்தியைச் சொன்னார்.

அனுராதபுரத்தை வகுத்து அமைத்தவனாகச் சொல்லப்படும் பாண்டுகாபயன், கி.மு. 4ஆம் நூற்றாண்டினன், நிகண்டர்களுக்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தான். நிகண்டர் என்றால் பற்றறுத்தோர். சமணத் துறவியரைப் பாலி நூல்கள் அவ்வாறே அழைக்கின்றன. சோதியர், கிரி, கும்பண்டர் என மூவர் பெயரையும் மகாவம்சம் குறிக்கிறது. ஆசீவகர்களுக்கும் அந்தணர்களுக்கும் கூட அவ்வரசன் இடம் தந்தான். பின்வந்த அரசர் பலர் காலத்திலும் நிகண்டர் பள்ளி அங்கே நீடித்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் தமிழ்ப் படைத்தலைவர்களிடம் தோற்று நகரை விட்டு ஓடினான். அப்போது அப்பள்ளியில் இருந்த கிரி என்னும் நிகண்டர் அவன் நிறத்தையும் ஓட்டத்தையும் குறித்து உரத்த குரலில் எள்ளினாராம். அரசன் அதை மனத்தில் வைத்துக்கொண்டான். பல்லாண்டு மறைந்து வாழ்ந்து, கி.மு. 89 அளவில் அரியணையை மீட்டபின், அப்பள்ளியை இடித்துத் தரைமட்டமாக்கி அவ்விடத்தில் பன்னிரு உறைவிடங்கள் கொண்ட பௌத்த விகாரத்தை எழுப்பினான். தன் பெயராகிய அபயனையும் நிகண்டர் பெயராகிய கிரியையும் சேர்த்து அபயகிரி என்று பெயர் வழங்கிற்று.

இதைக் கேட்டவுடன் எங்கள் குழுவில் சலசலப்பு எழுந்தது. "நம் சமணப் பள்ளியை இடித்த இடத்திற்கா நுழைவுச்சீட்டு வாங்கி வந்தோம்?" என்றார் ஒருவர். "வாயால் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு பள்ளியையே இடிப்பதா?" என்றார் மற்றொருவர். குரல்கள் உயர்ந்தன. எங்களை விருந்தினராக ஏற்ற ஆசிரியர் முகம் வாடி நின்றார். ஐந்து நாள் பழகிய நட்பு ஒரு பொழுதில் முறிந்துவிடுமோ என்று நான் அஞ்சினேன்.

அப்போது அந்தச் சமணப் பெரியவர் பேசினார். இத்தனைக்கும் அங்கே மனம் புண்பட உரிமை உள்ளவர் என்று ஒருவரைச் சொன்னால் அவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது இது. "இடித்ததும் வன்முறை. அதற்கு முன், தோற்று ஓடும் ஒருவனை எள்ளியதும் வன்முறை. மனம், மொழி, மெய் மூன்றாலும் தீங்கு செய்யாதிருப்பதே அகிம்சை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துறவி உண்மையில் எள்ளினாரா இல்லையா என்பதை நாம் அறியோம். அவர் தரப்பு எழுதிய நூல் நம் கையில் இல்லை. ஒன்றை மட்டும் அறிவோம். இங்கே சமணர் வாழ்ந்தனர் என்பதையே இவர்கள் நூல்தான் நமக்குச் சொல்கிறது. மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். இவர்கள் அந்தப் பெயரை விகாரத்தின் பெயரிலேயே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்."

சற்று நின்று அவர் மேலும் கூறினார்: "இந்த நகரம் எப்படி அழிந்தது என்று நாம் இவரிடம் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை." எவரும் பேசவில்லை. கி.பி. 993 அளவில் இராசராச சோழனின் படையே அனுராதபுரத்தைச் சிதைத்தது. அதன் பின் தலைநகர் பொலன்னறுவைக்கு மாறிற்று. நான்கு நாளாக எங்களோடு இருந்த அந்த ஆசிரியர், விருந்தினர் மனம் நோகுமே என்று அதைத் தவிர்த்திருக்கிறார். எல்லாளனின் நீதிக்கு நெஞ்சில் கைவைத்தவர்கள், இராசராசன் படையின் செயலுக்கும் அதே கையை வைக்க வேண்டும் அல்லவா?

அநேகாந்தம் என்னும் கொள்கையை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தைக் கண்டவன் முழுமையையும் கண்டதாகச் சாதிக்கலாகாது என்பது அதன் சாரம். யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையைச் சொல்லி நானும் மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் இரு தரப்பும் இடித்தவர்களாகவும் இடிபட்டவர்களாகவும் இருக்கும் ஒரு நிலத்தில் நின்று, கோபம் கொண்ட இருபது பேரிடையே ஒருவர் அதை நடைமுறையில் கையாண்டதை அன்றுதான் கண்டேன். அந்த ஆசிரியர் அப்பெரியவரின் கைகளைப் பற்றிக்கொண்டார். பயணத்தின் எஞ்சிய நாள்களில் அவ்விருவரும் பேருந்தில் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தனர்.

அபயகிரியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியான் என்னும் சீனத் துறவி அங்கே தங்கியிருந்தார். நாட்டை விட்டுப் பிரிந்து பல்லாண்டு ஆகிவிட்டது. உடன் புறப்பட்டவர்களில் சிலர் இறந்தனர், சிலர் பிரிந்தனர். ஒரு நாள் பச்சைக்கல்லால் ஆன புத்தர் சிலையின் முன் வணிகர் ஒருவர் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டார். அவர் கண்களில் நீர் பெருகிற்று என்று அவர் பயணக் குறிப்பு சொல்கிறது. அயல்மண்ணில் நம்மைச் சேர்ந்த சிறு பொருள் ஒன்றைக் கண்டால் உள்ளம் உருகுவது மனித இயல்பு. கிரி என்னும் பெயரைக் கேட்டு எங்கள் குழுவினர் துடித்ததும் அந்த இயல்பினால்தான். அதில் குற்றமில்லை. எனினும் பாகியான் அந்த விசிறி கண்டு அழுததோடு நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, தம் நாட்டில் கிடைக்காத நூல்களைப் படியெடுத்துக்கொண்டு திரும்பினார். உருக்கத்திற்குப் பின் கற்றல் வந்தது.

இங்கே மாணவர்கள் இருப்பதால் ஒரு சிறு நிகழ்ச்சியையும் சொல்கிறேன். அபயகிரியை விட்டுப் புறப்படும்போது குழுவில் ஒருவர் கீழே கிடந்த பழஞ்செங்கல் துண்டு ஒன்றை எடுத்துப் பையில் வைத்தார். "நம் சமணப் பள்ளியின் கல்லாக இருந்தாலும் இருக்கும், நினைவாக இருக்கட்டும்" என்றார். தொல்பொருளை எடுத்துச் செல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, கொடுக்காததை எடுத்துக்கொள்ளாமை மகாவீரர் வகுத்த நோன்புகளுள் ஒன்று. அப்பெரியவரின் மனைவியார் அவரிடம், "தம்பி, இத்தனை ஆண்டு இங்கேயே கிடந்தது, இங்கேயே கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவர் திரும்பிச் சென்று எடுத்த இடத்திலேயே வைத்து வந்தார்.

பின்னர்க் கண்டிக்குச் சென்றோம். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்கு அருகே பத்தினித் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. சிங்கள மக்கள் வழிபடும் அந்தப் பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. கண்டியில் நிகழும் எசல பெரகரா என்னும் பெருவிழாவில் பத்தினி கோயிலின் ஊர்வலமும் உரிய இடம் பெறுகிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்நூலை இயற்றிய இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது மரபு. கோவலன் கண்ணகி இருவரையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகளோ சமணப் பெண்துறவி. சமணத் துறவியின் பாட்டுடைத் தலைவியைப் பௌத்தர்கள் தெய்வமாக வணங்குகிறார்கள். எங்கள் குழுவில் இருந்த சைவரும் வைணவரும் அங்கே கைகூப்பி நின்றோம். அபயகிரியில் இடிந்ததைக் கண்ட கண்களுக்குக் கண்டியில் வாழ்வதும் கிடைத்தது.

இறுதி நாள் மாலை, ஒரு பள்ளியில் பரிமாற்ற நிகழ்ச்சி நடைபெற்றது. அவர்கள் கண்டி நடனம் ஆடினர். எங்கள் குழுவினர் தருமபுரிப் பகுதியின் தெருக்கூத்திலிருந்து ஒரு பகுதியைப் பாடி நடித்துக் காட்டினர். அதன்பின் நடந்த உரையாடலில் அந்த ஆசிரியர் என்னிடம், "அழிந்துபோன ஒரு சமணப் பள்ளிக்காக உங்கள் நண்பர்கள் இவ்வளவு வருந்தினார்களே, உங்கள் மாவட்டத்தில் சமணர் இடங்கள் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். கி.பி. 893ஆம் ஆண்டின் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் இருவர் தகடூரில் சமணப் பசதி ஒன்றை எடுத்ததையும், நொளம்ப மன்னன் மகேந்திரன் அதற்காக ஊர்க்கொடை அளித்ததையும் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே உள்ள திருமலையில், பாறையில் செதுக்கிய நேமிநாதர் ஏறத்தாழ பதினாறு அடி உயரத்தில் நிற்கிறார். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த சினாலயமும் அங்கே உண்டு. அம்மலையில் எழினி என்னும் முன்னோன் நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களைத் தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் செப்பனிட்டு மீண்டும் நிறுவினான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நம் தகடூர்த் தலைவன் ஒருவன், பழுதுற்றதைப் பழுது நீக்கிக் காத்தவன் என்னும் பெயரோடு அம்மலையில் வாழ்கிறான். இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

அவர் ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, "உங்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டா?" என்றார்.

அன்பர்களே, அந்த வினாவை இந்த அவையின் முன் வைக்கவே நான் இவ்வளவு நேரம் பேசினேன். கடல் கடந்து சென்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இடிந்த பள்ளிக்காக நாம் குரல் உயர்த்துகிறோம். நம் மண்ணில் இன்னும் இடியாமல் நிற்பவற்றின் நிலை என்ன? தமிழகமெங்கும் சமண முனிவர் தங்கிய குகைகளிலும் கற்படுக்கைகளிலும் தம் பெயரையும் காதலியின் பெயரையும் சுண்ணாம்பாலும் வண்ணத்தாலும் எழுதி வைப்போர் வேற்று நாட்டார் அல்லர். மலைகளைக் கல்லுக்காகப் பிளப்போரும் வேற்று நாட்டார் அல்லர். நம் மாவட்டத்து வயலோரங்களில் நிற்கும் நடுகற்களைத் துணி துவைக்கும் கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் பயன்படுத்துவோரும் நாமே. வட்டகாமணியை நாம் குறை கூறலாம். அவன் சினத்தால் இடித்தான். நாம் கவனமின்மையால் இடிக்கிறோம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்க வேண்டும் என்பதற்காக அனர்த்ததண்ட விரதம் என்றே ஒரு தனி நோன்பைச் சமணம் வகுத்திருக்கிறது.

பண்பாட்டுப் பரிமாற்றத்திற்குக் கடல் கடக்க வேண்டும் என்பதும் இல்லை. சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையர், சமணக் கொள்கைகள் விளங்காமல் இடர்ப்பட்டார். கும்பகோணத்தில் தாம் வாழ்ந்த ஊரிலேயே இருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. சில தெருக்களைக் கடந்து சென்ற அந்தப் பயணத்தால் தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் மீண்டும் கிடைத்தது. பொருளை வைத்திருப்பவரிடம் பணிவோடு சென்று அதன் பொருளைக் கேட்பதே உண்மையான பரிமாற்றம். பக்கத்து வீட்டாரின் சமயத்தைப் பக்கத்து வீட்டாரிடமே கேட்டு அறியும் வழக்கம் நம் ஊரிலும் பெருக வேண்டும்.

ஆகவே அறக்கட்டளைப் பெருமக்களிடம் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, இத்திருநாளை ஒட்டி, பென்னாகரம் வட்டாரப் பள்ளி மாணவர் நாற்பது பேரை எல்லாச் சமயத்தவருமாகத் தேர்ந்து ஒரு பேருந்தில் திருமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியுமுன் புறப்பட்டால் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவுதான். அங்கு வாழும் தமிழ்ச் சமணப் பெரியவர்களையே விளக்கிச் சொல்லுமாறு வேண்டுங்கள். மாணவர்கள் கல்வெட்டில் தகடூர்த் தலைவனின் பெயர் இருக்கும் செய்தியை அந்த மலையின் அடியிலேயே நின்று கேட்கட்டும். ஒரு துண்டுத் தாளும் அங்கே விடாமல், ஒரு கல்லும் அங்கிருந்து எடுக்காமல் திரும்பட்டும். மாலை உணவைக் கதிரவன் மறையும் முன் எல்லோரும் சேர்ந்து உண்ணட்டும். அந்த ஒரு வேளை, சமண நண்பன் வீட்டில் ஏன் விளக்கு ஏற்றும் முன்பே அடுப்பு அணைகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லாமலே சொல்லும். தமிழாசிரியன் என்ற முறையில் முதல் பயணத்திற்கு உடன்வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் பேருந்துக் கட்டணத்தை நானே செலுத்துவேன்.

மகாவீரர் நாற்பத்திரண்டு அகவையில் முற்றறிவு எய்தியபின், முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார் என்பர். எறும்பையும் மிதியாமல் நிலம் பார்த்து நடந்த நடை அது. நாம் அத்துணை நடக்க இயலாது. செல்லும் இடத்தில் நிலம் பார்த்து அடி வைக்கவேனும் இயலும். அந்த எண்ணத்தோடு இளையோரை அனுப்பி வைப்போம்.